பழந்துணியும் கோடித் துணியும்

நல்ல காரியத்துக்குப் புறப்பட்டவர்களை வாசலிலேயே மறித்து, "போகாதீர்கள்" என்று சொல்கிறவனும் ஒரு மனிதனா என்று கேட்டு எனக்கு ஒரு கடிதம் வந்திருக்கிறது. எழுதியவர் ஒரு வாசகி. மூன்று பக்கம். வெள்ளம் என்றும் புயல் என்றும் மண்சரிவு என்றும் செய்தி வந்தவுடனே குடும்பத்தோடு மூட்டை கட்டிக்கொண்டு கிளம்புகிற வழக்கத்தைப் பற்றி இதே பத்திரிகையில் போகிற போக்கில் நான் இரண்டு வரி எழுதியிருந்தேன். அந்த இரண்டு வரிக்குத்தான் இந்த மூன்று பக்கம். "ஜனங்களிடம் மிஞ்சியிருப்பதே கொஞ்சம் இரக்கம். அதையும் உங்களைப் போன்ற எழுத்தாளர்கள் கேலி பண்ணிக் கொன்றுவிடுங்கள்!" என்று முடித்திருக்கிறார்.

கோபம் நியாயமானதுதான். இரண்டு வரியில் சொல்லிவிட்டுப் போகக்கூடிய விஷயம் அல்ல அது. ஆகவே முழுவதையும் சொல்லிவிடுகிறேன். அதற்கு நான் என் தங்கை வீட்டுக்குப் போயாக வேண்டும். போவது எனக்குச் சங்கடம். இந்த வாசகி கேட்ட கேள்வியை என் தங்கை 2018ஆம் வருஷமே என் முகத்துக்கு நேரே கேட்டுவிட்டாள். கேட்டுவிட்டு ஏழு மாதம் என்னோடு பேசாமலும் இருந்தாள்.

கம்பத்திலிருந்து சுருளி அருவிக்குப் போகிற வழியில் இருக்கிறது சுருளிப்பட்டி. திராட்சைப் பந்தலும் தென்னையும் வாழையுமாகப் பச்சை பிடித்த ஊர். பன்னீர் திராட்சை என்று சொல்கிறார்களே, 2023இல் புவிசார் குறியீடு கூட வாங்கியதே, அது விளைகிற மண். எந்தப் பக்கம் தலையைத் தூக்கினாலும் மலை. மேற்கு மலைக்கு அப்பால் கேரளம். 1895இலிருந்து இந்தப் பள்ளத்தாக்கு முழுவதும் அந்த மலைக்கு அப்பாலிருந்து வருகிற பெரியாற்றுத் தண்ணீரைத்தான் குடிக்கிறது. தண்ணீர் அங்கிருந்து இங்கே இறங்குகிறது; கூலியாட்கள் இங்கிருந்து அங்கே ஏறுகிறார்கள். விடிவதற்கு முன்னே ஜீப்பில் நெருக்கியடித்துக்கொண்டு ஏலத்தோட்டத்துக்குப் போகும் பெண்களைக் கம்பம்மெட்டுப் பாதையில் பார்க்காதவர்கள் இந்தப் பக்கத்தில் யாரும் இருக்க முடியாது.

என் தங்கையின் கணவருக்குச் சுருளிப்பட்டியில் மூன்று ஏக்கர் பந்தல். அதோடு பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார் உத்தியோகம். மகள் அப்போது மதுரையில் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தாள். மகன் ஒன்பதாம் வகுப்பு. நல்ல குடும்பம் என்று நாம் எதைச் சொல்கிறோமோ அது அப்படியே. பிச்சைக்காரன் வந்தால் விரட்டமாட்டார்கள். வாசலில் ஒரு தண்ணீர்ப் பானை எப்போதும் இருக்கும்.

2018 ஆகஸ்டு மாதம் கேரளத்தில் பெய்த மழையை இங்கே நான் வர்ணிக்கப்போவதில்லை. இடுக்கி அணையின் செறுதோணி மதகை 26 வருஷங்களுக்குப் பிறகு ஆகஸ்டு 9ஆம் தேதி திறந்தார்கள். அடுத்த வாரம் முல்லைப் பெரியாறு அணையில் தண்ணீர் 142 அடியைத் தொட்டது. அணையில் எத்தனை அடி நிற்கலாம் என்று இரண்டு பக்கத்துப் பெரியவர்களும் நீதிமன்றத்தில் வாதாடிக்கொண்டிருந்த அதே நாட்களில், தமிழ்நாட்டிலிருந்து லாரி லாரியாக அரிசி மலையேறிக்கொண்டிருந்தது. அந்த வகையில் நம் ஜனங்கள் தங்கமானவர்கள் என்பதில் எனக்குச் சந்தேகமே கிடையாது. என் தங்கை வீட்டுத் தொலைக்காட்சிப் பெட்டி மூன்று நாள் அணையவில்லை. கூரை மேல் நின்று கையை ஆட்டுகிற ஒரு கிழவரைப் பார்த்துவிட்டு அவள் சாப்பிடாமல் எழுந்துவிட்டாளாம். அன்று இரவே குடும்பம் கூடி ஒரு முடிவுக்கு வந்தது: எல்லோருமாகக் காரில் போய்விடுவது. பையனையும் கூட்டிக்கொள்வது. "கஷ்டம்னா என்னன்னு அவனும் பாக்கட்டும்ணே. போனைத் தவிர வேற உலகமே தெரியாம வளர்றான்" என்று தங்கை எனக்குப் போனில் சொன்னாள். நானும் கூட வர வேண்டுமாம். திரும்பி வந்து எழுத வேண்டுமாம்.

மறுநாள் சாயங்காலம் நான் போய்ச் சேர்ந்தபோது கூடம் நிறைய துணி. அந்தத் தெரு முழுவதிலிருந்தும் வசூலானது. பட்டுப் பாவாடை, பள்ளிக்கூடச் சீருடை, சாயம்போன சட்டை, கிழிந்த போர்வை, யாருக்கோ கல்யாணத்தில் தைத்த கோட்டு ஒன்று. இத்தனையும் மூட்டையாகக் கட்டுவதற்குத் தெருக்கடைசி வீட்டுப் பெண் ஒருத்தியைக் கூலிக்குக் கூப்பிட்டிருந்தார்கள். நாற்பது வயது இருக்கும். வாய் பேசாமல் கட்டிக்கொண்டிருந்தாள்.

துணிக் குவியலைப் பார்த்ததும் எனக்கு வயிற்றைப் புரட்டியது. அதற்குக் காரணம் உண்டு. இதே குவியலை நான் பதினான்கு வருஷத்துக்கு முன்னால் ஒரு முறை பார்த்திருந்தேன்.

2004 டிசம்பர் 26ஆம் தேதி கடல் ஏறி வந்து நாகப்பட்டினம் மாவட்டத்தில் மாத்திரம் 6,000 பேருக்கு மேல் கொண்டுபோயிற்று. அப்போது எனக்கு இருபத்திரண்டு, இருபத்து மூன்று வயது. நண்பர்கள் ஒன்பது பேர் ஒரு வேன் பிடித்து, ஊரெல்லாம் வசூலித்த துணியை ஏற்றிக்கொண்டு ஐந்தாம் நாள் போய் இறங்கினோம். வழி நெடுகத் துணி. சாலையின் இரு பக்கமும், முள்வேலி மேலும், சேற்றிலும், முழங்கால் உயரத்துக்கு இந்தத் தேசத்தின் பழந்துணி கிடந்தது. எங்களுக்கு முன்னால் வந்த வேன்கள் இறக்கிவிட்டுப் போனவை. மாடு அதன் மேல் படுத்திருந்தது. அக்கரைப்பேட்டையில் ஒரு மீனவர் எங்கள் வேனைப் பார்த்துவிட்டு, "தம்பி, இதையெல்லாம் வச்சு நாங்க ஜவுளிக்கடை போடலாம். வாங்கத்தான் ஆள் இல்லை" என்றார். சிரிக்காமல் சொன்னார்.

அதுவாவது பரவாயில்லை. மத்தியானம் எங்களுக்குப் பசித்தது. ஒன்பது பேருக்கும் சோறு வேண்டும். கடை ஏது? கடைசியில் நிவாரண முகாமில் தட்டேந்தி வரிசையில் நின்றோம். பிள்ளையைப் பறிகொடுத்த ஒரு தாய்க்கு முன்னால் நான் நின்றேன். பரிமாறியவர் என் தட்டில் இரண்டாம் முறையும் சாம்பார் ஊற்றினார். தொண்டு செய்யப் போன ஒன்பது வாலிபர்கள் செய்த ஒரே காரியம், ஒன்பது சாப்பாட்டைச் சாப்பிட்டுவிட்டு வந்ததுதான். அன்று அங்கே உண்மையான வேலையைச் செய்துகொண்டிருந்தவர்கள் யார் தெரியுமா? பிற நகராட்சிகளிலிருந்து அழைத்துவரப்பட்ட துப்புரவுத் தொழிலாளர்கள். பிணங்களை எடுத்தவர்கள் அவர்கள். முஸ்லிம் இளைஞர்கள் பலரும் முன்வந்து பிணங்களை எடுத்து அடக்கம் செய்தார்கள். நாங்கள் மூக்கில் கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு வேடிக்கை பார்த்தோம். ஊர் திரும்பியபோது எங்களுக்கு மாலை போட்டார்கள். அந்த மாலையை நான் கழுத்தில் வாங்கிக்கொண்டேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

ஆகவேதான் தங்கை வீட்டுக் கூடத்தில் நின்றுகொண்டு, "போகாதே" என்றேன்.

அதற்குப் பிறகு நடந்ததைச் சண்டை என்றுதான் சொல்ல வேண்டும். மாப்பிள்ளை மட்டும் நிதானமாகக் கேட்டார்: "சரி மச்சான், பழசு வேண்டாம்கிறீங்க. ஒண்ணும் இல்லாம நிக்கிறவனுக்குப் பழசும் உதவாதா?"

இந்தக் கேள்வியை ஆயிரம் பேர் கேட்டிருக்கிறார்கள், இனியும் கேட்பார்கள். நம் வழக்கத்தையே பதிலாகச் சொல்கிறேன். இழவு வீட்டுக்குப் போகிறோம். செத்துப்போனவருக்கு என்ன எடுத்துக்கொண்டு போகிறோம்? கோடித் துணி. உடுத்திக்கொள்ள முடியாத, இன்னும் சிறிது நேரத்தில் சுடுகாட்டுக்குப் போகப் போகிற உடம்புக்குப் புதுத் துணி. அதுவும் இன்ன முறைக்காரர்தான் போட வேண்டும் என்ற மரியாதையோடு. அப்படிப்பட்ட ஜனங்கள், உயிரோடு நடுங்கிக்கொண்டு நிற்கிற ஒரு பெண்ணுக்குத் தங்கள் வீட்டுப் பரணில் கிடந்ததைக் கொண்டுபோய்க் கொடுக்கிறார்கள். வீடு போனவன் மானத்தையும் சேர்த்து ஆற்றில் விட்டுவிட்டான் என்று யார் இவர்களுக்குச் சொன்னது? பழையதைக் கொடுப்பது அவனுக்காக அல்ல. நம் அலமாரியைக் காலி பண்ணவும் ஒரு சாக்கு கிடைத்தது, புண்ணியமும் கிடைத்தது. ஒரு கல்லில் இரண்டு மாங்காய்.

பணமாகக் கொடுங்கள் என்றால் முகம் சுளிக்கிறோம். "பணம் கொடுத்தால் குடித்துவிடுவான்", "நடுவிலே யாராவது தின்றுவிடுவான்", "பணம் கொடுப்பதில் மனசு இல்லையே!" மனசு இல்லையா? மதுரை, தேனிச் சீமையில் பிறந்தவன் இதைச் சொல்லலாமா? கல்யாணமோ காதுகுத்தோ, மைக்கில் பெயரைச் சொல்லி, நோட்டில் எழுதி, மொய்யைப் பணமாகத்தானே வைக்கிறோம்? மாமன் வைக்கிற மொய்யை வாங்கிக்கொண்டு மாப்பிள்ளை குடித்துவிடுவான் என்று அங்கே யாரும் கணக்குக் கேட்பதில்லையே! காரணம், அவனை நாம் சமமானவனாக நினைக்கிறோம். தனக்கு என்ன வேண்டும் என்று அவனுக்குத் தெரியும் என்று நம்புகிறோம். வெள்ளத்தில் சிக்கியவனைப் பற்றி மட்டும் அந்த நம்பிக்கை போய்விடுகிறது. அந்த வருஷம் கேரள அரசாங்கம் பாதிக்கப்பட்ட குடும்பத்துக்கு 10,000 ரூபாய் கொடுத்தது. ஒரு வீட்டில் அதைக் கொண்டு பாய் வாங்கியிருப்பார்கள், இன்னொரு வீட்டில் மருந்து வாங்கியிருப்பார்கள், வேறொரு வீட்டில் கடனை அடைத்திருப்பார்கள். அதையெல்லாம் தீர்மானிக்க நாம் யார்? விழுப்புரத்தில் ஒரு சிறுமி, சைக்கிள் வாங்குவதற்கென்று உண்டியலில் வருஷக்கணக்காகச் சேர்த்து வைத்திருந்த ஏறத்தாழ 9,000 ரூபாயை எடுத்துக் கேரளத்துக்கு அனுப்பினாள். அவள் கேரளத்துக்குப் போகவில்லை. போக வேண்டும் என்று அடம் பிடித்ததாகவும் நான் படிக்கவில்லை.

"கஷ்டத்தைப் பையன் பார்க்கட்டும்" என்பதைப் பற்றியும் ஒரு வார்த்தை. இதில்தான் எனக்கு மிகுந்த கோபம். ஒருவன் ஆயுசு முழுவதும் சேர்த்துக் கட்டிய வீடு இடிந்து கிடக்கிறது. அது நம் பிள்ளைக்குப் பாடசாலையா? நம் வீட்டில் யாரேனும் செத்துக் கிடக்கும்போது அடுத்த ஊர்க்காரர் தம் பிள்ளையைக் கையில் பிடித்துக்கொண்டு வந்து, "பார்த்துக்கொள் தம்பி, இதுதான் மரணம்" என்று காட்டினால் நாம் என்ன செய்வோம்? 2024 ஜூலை 30ஆம் தேதி விடியுமுன்னே வயநாட்டில் முண்டக்கையும் சூரல்மலையும் மண்ணுக்குள் போன மறுநாளே, வேடிக்கை பார்க்க வராதீர்கள், மீட்பு வேலை கெடுகிறது என்று கேரளப் போலீசார் பொதுமக்களைக் கெஞ்ச வேண்டியிருந்தது. வந்தவர்கள் எல்லோரும் தங்களை வேடிக்கை பார்க்க வந்தவர்கள் என்றா நினைத்திருப்பார்கள்? ஒவ்வொருவரும் தம் மனசுக்குள் தொண்டர்தான். மெட்ராஸ் சாப்பர்ஸ் என்கிற ராணுவப் பொறியாளர்கள் சூரல்மலையில் 190 அடி நீளத்துக்கு இரும்புப் பாலத்தை ராப்பகலாகக் கோத்துக்கொண்டிருந்தபோது, அந்த ஒற்றைச் சாலையில் நிற்கிற ஒவ்வொரு காரும் ஒரு தடைதான். உள்ளே உட்கார்ந்திருப்பவர் கண்ணில் நீர் வடிந்தால் கார் சிறியதாகிவிடாது.

இதையெல்லாம் படித்துவிட்டு, வேறொரு வகை மனிதர் இப்போது மீசையைத் தடவிக்கொள்வார் என்பது எனக்குத் தெரியும். "நான் அப்போதே சொன்னேன் சார், இதெல்லாம் அரசாங்கம் பார்த்துக்கொள்ளும். நமக்கெதற்கு?" அவரை என் பக்கத்தில் சேர்த்துக்கொள்ள நான் தயாராக இல்லை. அரசாங்கம் வருவதற்கு முன்னால் ஒரு நேரம் இருக்கிறது. சாவதும் பிழைப்பதும் பெரும்பாலும் அந்த நேரத்துக்குள் முடிந்துவிடுகிறது. 2018 மார்ச் 11ஆம் தேதி எங்கள் மாவட்டத்துக் குரங்கணி மலையில் தீ சூழ்ந்தபோது, சென்னையிலிருந்தும் கொங்கு நாட்டுப் பக்கமிருந்தும் மலையேற வந்திருந்த பிள்ளைகளை முதலில் போய் எட்டியது யார்? விமானப் படையின் ஹெலிகாப்டர்கள் பிறகு வந்தன. முதலில் போனவர்கள் குரங்கணி ஊர்க்காரர்கள், தோட்டத் தொழிலாளர்கள். இருட்டில், புகைகிற புல்லின் மேல் நடந்து, போர்வையைத் தூளியாகக் கட்டி, வெந்த உடம்புகளைச் சுமந்து இறக்கினார்கள். 23 உயிர்கள் போயின. அவர்கள் போகாதிருந்தால் இன்னும் எத்தனையோ. 2023 டிசம்பரில் ஸ்ரீவைகுண்டத்தில் ரயில் நின்றுபோயிற்று; சுற்றிலும் வெள்ளம்; உள்ளே நூற்றுக்கணக்கான பிரயாணிகள். பக்கத்துப் புதுக்குடி ஜனங்கள் தங்கள் வீட்டில் இருந்ததைச் சமைத்துக் கொண்டுவந்து போட்டார்கள். அவர்களும் அதே வெள்ளத்தில் மிதந்துகொண்டிருந்தவர்கள்தான். கேரளத்தில் மீனவர்கள் தம் வள்ளங்களை லாரியில் ஏற்றிக்கொண்டு உள்நாட்டுக்கு வந்து, 65,000 பேரை மீட்டார்கள் என்று அரசாங்கமே கணக்குச் சொன்னது. படகில் ஏற முடியாத பெண்களுக்குத் தண்ணீரில் குனிந்து தன் முதுகையே படியாகக் கொடுத்தாரே ஒருவர், அவரை யாரும் மறந்திருக்க மாட்டார்கள்.

சண்டையின் நடுவே இந்த மீனவர்களைத்தான் என் தங்கை என் மேல் எடுத்து வீசினாள். "எல்லாரும் உன்ன மாதிரி யோசிச்சுக்கிட்டு உக்காந்திருந்தா அந்த மீன்காரங்க வந்திருப்பாங்களாண்ணே?"

"அவங்ககிட்ட வள்ளம் இருந்துச்சு. தண்ணி தெரியும்" என்றேன்.

"எங்ககிட்ட கார் இருக்கு" என்றாள்.

நான் சிரித்திருக்கக் கூடாது. சிரித்துவிட்டேன். ஏழு மாதப் பேச்சற்ற நிலை அந்த நிமிஷத்தில்தான் தொடங்கியது.

அந்த நிசப்தத்தில்தான் மூட்டை கட்டிக்கொண்டிருந்த பெண் வாயைத் திறந்தாள். "அக்கா, இதுல உள்பாவாடை ஏதும் இருக்குங்களா? ஜட்டி, பாடி, மாசத்துக்கு ஆகுற துணி... அதெல்லாம் யாரும் குடுக்கலையே" என்றாள். எல்லோரும் அவளைப் பார்த்தோம். "எங்க பெரியக்கா வண்டிப்பெரியாத்துல லைன் வீட்டுல இருக்கு. ஆத்துத் தண்ணி உள்ள வந்து ரெண்டு நாளு. சேலை யாரோ குடுத்தாங்களாம். உள்ள போட ஒண்ணும் இல்லாம, ஈரத்தோடயே உக்காந்திருக்குதாம்."

தெருக்கடைசி வீட்டுக்காரி. வருஷம் பூராவும் ஏலத்தோட்டத்துக்கு ஜீப்பில் போகிறவள். மலைப்பாதையில் மண் சரிந்து ஜீப் ஓடாமல் ஒரு வாரமாக அவளுக்குக் கூலி கிடையாது. அதனால்தான் இந்த மூட்டை கட்டுகிற வேலைக்கு வந்திருக்கிறாள். வெள்ளத்தில் பாதிக்கப்பட்டவர்களுக்காக என் தங்கை மூன்று நாளாகச் சாப்பிடாமல் அழுதுகொண்டிருந்தாள். பாதிக்கப்பட்டவள் அதே கூடத்தில் அவளுக்குக் கூலிக்கு மூட்டை கட்டிக்கொண்டிருந்தாள். கேட்பதற்குத் தோன்றவில்லை. என் தங்கையைக் குற்றம் சொல்லவில்லை. நானும் வந்து ஒரு மணி நேரம் ஆகியிருந்தது, நானும்தான் கேட்கவில்லை. கூரை மேல் நின்ற கிழவரைத் தொலைக்காட்சியில் பார்த்தால் துக்கம் வருகிறது. தெருக்கடைசி வீட்டில் ஜீப் ஓடாததைப் பார்த்தால் துக்கம் வருவதில்லை. வேலைக்கு ஆள் கிடைத்தது என்று தோன்றுகிறது.

2020 ஆகஸ்டு 6ஆம் தேதி இரவு மூணாறு பக்கம் பெட்டிமுடியில் மலை சரிந்து லைன் வீடுகளை மூடி 70 பேர் செத்தார்களே, அவர்கள் எல்லோரும் நம்மவர்கள். தமிழ்நாட்டிலிருந்து தலைமுறை தலைமுறையாகத் தேயிலை கிள்ளப் போனவர்கள். அன்று அங்கே மின்சாரம் இல்லை, தொலைபேசி இல்லை; ஆள் நடந்து போய்ச் சொன்ன பிறகுதான் வெளியுலகத்துக்கே தெரிந்தது. அந்த லைன் வீடுகள் எந்தச் சரிவின் அடியில் இருந்தன என்பதை முந்தின நாள் வரை நம்மில் யார் கேட்டோம்? கேட்டிருந்தால் மலை நின்றிருக்கும் என்று சொல்லவில்லை. அழுவதற்கு மட்டும் நாம் குறித்த நேரத்தில் ஆஜராகிவிடுகிறோமே என்றுதான் சொல்கிறேன்.

சுருளிப்பட்டிக் கதையை முடித்துவிடுகிறேன். அன்று கார் புறப்படவில்லை. பாதை திறந்த முதல் நாள், அந்தப் பெண்ணும் மாப்பிள்ளையும் கம்பம் கடைவீதிக்குப் போய், அவள் சொல்லச் சொல்ல வாங்கினார்கள். புது உள்ளாடை, நாப்கின், கைலி, பிளீச்சிங் பவுடர், தென்னம் ஈர்க்கு விளக்குமாறு, வாளி. விளக்குமாற்றை யாராவது நிவாரணப் பொருள் என்று நினைப்பார்களா? வெள்ளம் வடிந்த வீட்டுக்குள் முழங்கால் மட்டும் சேறு இருக்கிறது என்று தெரிந்தவர்தான் நினைப்பார். மீதிப் பணத்தை அக்காவின் பெயருக்கே அனுப்பினார்கள். இத்தனைக்கும் என் ஆலோசனை எதுவும் கிடையாது. நான் அவமானத்தோடு ஊர் திரும்பியிருந்தேன்.

செப்டம்பர் மாதம், தொலைக்காட்சிக்காரர்கள் வேறு செய்திக்குப் போய்விட்ட பிறகு, மாப்பிள்ளையும் மருமகளும் வண்டிப்பெரியாற்றுக்குப் போனார்கள். அக்கா வரச் சொன்ன பிறகு போனார்கள், அதுதான் முக்கியம். தங்கள் சோற்றுக்கு அரிசியும் அடுப்பும் கொண்டுபோனார்கள். அந்தச் சமயத்தில் கேரளத்தில் எலிக்காய்ச்சல் பரவிக்கொண்டிருந்தது. வெறுங்காலோடு சேற்றில் இறங்கித் துப்புரவு செய்த தொண்டர்கள் பலருக்கும் வந்தது. வாரம் ஒரு முறை டாக்ஸிசைக்ளின் மாத்திரை சாப்பிடச் சொல்லி அங்கே சுகாதாரத் துறையார் வற்புறுத்தினார்கள். மருமகள் அதைப் படித்துத் தெரிந்துகொண்டு, டாக்டரிடம் போய்க் கேட்டு மாத்திரை வாங்கி, இருவருக்கும் ரப்பர் பூட்ஸும் வாங்கிக்கொண்டுதான் கிளம்பினாள். மூன்று நாள் மண் அள்ளினார்கள். ஆகஸ்டு கடைசியில் குட்டநாட்டில் பல்லாயிரம் பேர் திரண்டு வீடு வீடாகத் துப்புரவு செய்தார்களே, அங்கேகூட எலெக்ட்ரீஷியனும் பிளம்பரும் தச்சரும் கூட்டத்தோடு போனதால்தான் வேலை நடந்தது. கை மட்டும் போதாது. கைக்கு ஒரு தொழில் வேண்டும். என் மருமகளுக்குத் தொழில் இல்லை. அதனால் மண் அள்ளினாள்.

திரும்பி வந்தவளிடம் எப்படி இருந்தது என்று போனில் கேட்டேன். "ஒண்ணுமில்ல மாமா. முதுகு விட்டுப்போச்சு. பக்கத்து வீட்டுல ஒரு அம்மாவுக்கும் அள்ளிக் குடுத்தோம். அவங்க எங்ககூடப் பேசவே இல்ல. ஒரு தடவ கூடச் சிரிக்கல. முடிச்சதும் உள்ள போயிக் கதவைச் சாத்திக்கிட்டாங்க" என்றாள். கொஞ்சம் வருத்தமாகத்தான் சொன்னாள். எனக்கு அந்த அம்மாளைப் பிடித்துப்போயிற்று. மாலை வாங்கிக்கொண்ட என் கழுத்துக்கு அந்தக் கதவு சாத்தின சத்தம் கேட்க வேண்டியது பதினான்கு வருஷத்துக்கு முன்னாலேயே. நன்றி சொல்வதற்கு அவளுக்கு ஏது தெம்பு? வீட்டைக் கழுவுவதோடு, வந்தவர்களின் மனசையும் குளிர்விக்க வேண்டும் என்று அவள் தலையில் எழுதியிருக்கிறதா? நாமோ நாலு பாக்கெட் பிஸ்கோத்தைக் கொடுத்துவிட்டு, அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்கிறோம்.

மருமகள் அதோடு விடவில்லை. தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையம் 2016இலிருந்து 'ஆப்த மித்ரா' என்று ஒரு திட்டம் வைத்திருக்கிறது. சாதாரண ஜனங்களுக்கு, வெள்ளத்தில் எப்படி இறங்குவது, மயங்கினவனை எப்படித் தூக்குவது, கயிற்றை எப்படிக் கட்டுவது என்று பன்னிரண்டு நாள் பயிற்சி. அதில் சேர வேண்டும் என்று அலைந்தாள். இடம் கிடைத்ததா இல்லையா என்பது வேறு கதை. ஆனால் நீச்சல் கற்றுக்கொண்டாள். சுருளிப்பட்டியில் தனியாக இருக்கிற கிழவிகள் எத்தனை பேர், நடமாட முடியாதவர்கள் எந்தெந்த வீட்டில் இருக்கிறார்கள் என்பது இன்று அவளுக்கு மனப்பாடம். மழைக் காலத்தில் அருவிக்குப் போகக் கூடாது என்று வனத்துறையார் வழியை மூடும்போதெல்லாம், அவள் ஆற்றோரத்து வீடுகளுக்கு ஒரு நடை போய்வருகிறாள். இதற்குப் பெயர் என்ன வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை. படம் எடுத்துப் போடுவதற்கு இதில் ஒன்றும் கிடையாது.

என் தங்கை விஷயம்தான் பாக்கி. ஏழு மாதம் கழித்துப் பேசினாள். ஆனால் ஒத்துக்கொள்ளவில்லை. இன்றைக்கும் ஒத்துக்கொள்ளவில்லை. "நீ சொன்னது எல்லாம் சரிண்ணே. ஆனா அன்னைக்கு ராத்திரி எனக்குத் தோணுச்சே, அது மட்டும் பொய்யா?" என்று கேட்கிறாள். பொய் என்று நான் எப்போது சொன்னேன்? அந்தத் தவிப்பு வந்திராவிட்டால் கூடத்தில் மூட்டையும் இல்லை, மூட்டை கட்ட வந்தவளும் இல்லை, வண்டிப்பெரியாறும் இல்லை. இதை அவளிடம் சொல்லிப் பார்த்தேன். "அப்ப என்னத்துக்குச் சிரிச்ச?" என்கிறாள். இந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை.

அன்று கட்டிய மூட்டைகள் அவள் வீட்டுப் பரணில் வெகுகாலம் கிடந்தன. பிறகு கொஞ்சம் கொஞ்சமாகப் பந்தல் கட்டுகிற இடத்தில் கம்பி துடைக்கவும், மிதியடிக்கும் போயின. கல்யாணக் கோட்டு மட்டும் பத்திரமாக இருக்கிறது. யாருடையது என்று இன்னும் கண்டுபிடிக்க முடியவில்லை.

மூன்று பக்கக் கடிதம் எழுதிய வாசகி கடைசியில் தம் தொலைபேசி எண்ணையும் கொடுத்திருக்கிறார். தைரியம் இருந்தால் பேசுங்கள் என்று சவால். எனக்குத் தைரியம் இல்லை. என் தங்கையின் சம்மதத்தைக் கேட்டு, அவளுடைய எண்ணை அவருக்கு அனுப்பலாம் என்றிருக்கிறேன். இரண்டு பேருமாகச் சேர்ந்து என்னைத் திட்டித் தீர்க்கட்டும். திட்டி முடித்த பிறகு என் தங்கை அவரிடம், "உங்க தெருவுல கடைசி வீட்டுல யாரு இருக்காங்க?" என்று கேட்பாள். வீட்டுக்கு வருகிற எல்லோரிடமும் இப்போது அதைத்தான் கேட்கிறாள்.